கதிர்வேல் லேப்டாப் வாங்கிய வருஷம்

காலை ஆறேகால் மணிக்குப் போன் அடித்தது. திரையில் கதிர்வேலின் பெயர்தான் வந்தது. பிரவீனா வாசல் தெளித்த ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"என்னங்க, இன்னைக்கு நேரத்துலயே எந்திரிச்சுட்டீங்களாட்ட இருக்குது?"

பேசியது கதிர்வேல் இல்லை. அவனோடு ஒரே வண்டியில் வேலை பார்க்கும் முருகானந்தம். "அண்ணி" என்றான். "அண்ணன் எந்திரிக்கலீங்க அண்ணி. எழுப்பி எழுப்பிப் பாத்தோமுங்க. டாக்டரு வந்து, ராத்திரியே நெஞ்சு நின்னு போச்சுன்னுட்டாருங்க."

கார்த்திகை மாதம். தேய்பிறை நவமி. கதிர்வேல் இருந்த இடம் சத்தீஸ்கரில் ஏதோ ஒரு கிராமம். அதன் பெயர் பிரவீனாவுக்குக் கடைசி வரை சரியாக வாயில் நுழையவில்லை.

அவனுக்குச் சொந்த ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கம். அப்பாவுக்கு முக்கால் ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். மூன்று பிள்ளைகளுக்கு அது காணாது. பன்னிரண்டாவதில் தவறிய கையோடு திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில், ஏறிவிட்டான். பதினெட்டு வயதில் துளைக்குள் இறக்கும் ராடு தூக்கியவன் இருபத்தாறில் லீவர் பிடித்தான். லீவர் பிடிப்பவன்தான் டிரில்லர். பாறை எந்த அடியில் மாறுகிறது, தண்ணீர் எங்கே கண் திறக்கிறது என்பதையெல்லாம் உள்ளங்கைக்கு ஏறி வரும் நடுக்கத்தை வைத்தே சொல்லிவிடுவான். கம்ப்ரசர் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. அதனால் அவன் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

மழை பிடித்தால் வடக்கே நிலம் சேறாகிவிடும், வண்டிகள் ஊர் திரும்பும். ஆடியில் வருவான், தீபாவளி கழிந்தால் போவான். பிரவீனாவின் கல்யாண வாழ்க்கை மொத்தமும் அந்த மூன்று மூன்று மாதங்களுக்குள்தான் நடந்தது. மகள் தனப்பிரியாவுக்குப் பேச்சு வந்த வருஷம், பையோடு வாசலில் வந்து நின்றவனைப் பார்த்து, "அம்மா, ஆரோ ஒரு மாமா வந்திருக்காரு" என்றாள். கதிர்வேல் அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பிரவீனா அதற்கு ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

இந்த வருஷம் ஆடியில் வண்டி வந்து சேர்ந்தபோது முதலாளி சின்னண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மார்கழியோடு நின்றுகொள்கிறார். தை மாதம் அந்த நாற்காலி காலி. "ஏண்டா கதிரு, கம்ப்யூட்டர்ல ஒரு லெட்டர் அடிச்சு எனக்கு மெயில் போடு பாக்கலாம். போட்டீன்னா அந்தச் சேரு உனக்குத்தான்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கதிர்வேலும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏம்புள்ள, நீ டைப் அடிக்கறது எங்க படிச்சே?"

"பி.காம். படிக்கறப்பவேங்க. அப்பறம் வேலூர்ல ஜெராக்ஸ் கடையில ரெண்டு வருசம் அதானே வேலை."

"எனக்கு வருமா?"

பிரவீனா அவன் விரல்களைப் பார்த்தாள். கிரீஸ் ஊறி நகக்கண் கறுத்த, ஒவ்வொன்றும் வாழைப்பிஞ்சு கனத்தில் இருந்த விரல்கள். "வருமுங்க" என்றாள். திருச்செங்கோட்டுக்குக் காலை பஸ்ஸில் போய், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடும் ஒரு புருஷனை அவள் அந்த ஒரு சொல்லுக்குள் பார்த்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மூன்று பேரும் லேப்டாப் வாங்க நாமக்கல் போனார்கள். கடைக்காரப் பெண் ராம், பிராசசர் என்று அடுக்கிக்கொண்டே போனாள். கதிர்வேல் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் செரிங்க அம்மிணி. எத்தன மணி நேரம் ஓடினா ஆயில் மாத்தோணும்?" என்றான். அந்தப் பெண் திகைத்துப் போனாள். தனப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். அவனுக்கு ஒரே சந்தோஷம். கேட்டதே அதற்காகத்தான்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மேலே வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டான். பக்கத்தில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த குப்பாயி என்கிற கிழவி, "என்ன சாமி, கைக்கொழந்தையாட்டப் புடிச்சிருக்கற?" என்றாள்.

"லேப்டாப்புங்க ஆத்தா."

"புள்ளைக்கா? நல்லாப் படிக்கட்டும்."

"புள்ளைக்கு இல்லீங்க. எனக்கு."

கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கா! அப்ப நீ மொதல்ல நல்லாப் படி சாமி" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நாற்பத்து மூன்று வயதில், பள்ளிக்கூடம் சேர்க்கக் கூட்டிப் போகும் பையனைப் போல, கதிர்வேல் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தான். ஜன்னல் ஓரம் இருந்த பிரவீனா வெளியே பார்ப்பதுபோல் கண்ணாடியில் தெரிந்த அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பூஜையன்று புதுவண்டிக்குச் செய்யும் அத்தனையும் லேப்டாப்புக்கு நடந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கினான், சூடம் காட்டினான். திரையின் நெற்றி என்று அவன் நினைத்த இடத்தில், மேலே நட்ட நடுவில், சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தான். கேமரா இருப்பது அங்கேதான் என்று மூன்று பேருக்கும் அன்று தோன்றவில்லை.

பாடம் தொடங்கியது. முதல் நாளே சிக்கல். அவன் 'க' அடித்தால் வரி முழுக்க 'கககககக' என்று ஓடியது. எந்த எழுத்தானாலும் அப்படித்தான். பிரவீனாவுக்குப் புரியவில்லை, தனப்பிரியாதான் கண்டுபிடித்தாள். ரிக் வண்டியில் ராடு உட்காரும் வரை லீவரை விடக் கூடாது. இருபது வருஷத்துக்குக் கிட்டே அந்தப் பழக்கம். எழுத்தும் உள்ளே போய் உட்காரட்டும் என்று அவன் விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, அது லீவர் இல்லீங்கப்பா. தொட்டுட்டு உட்டுறோணும்."

"புடிக்காம உட்டா எப்படிச் சாமி எறங்கும்?"

"எறங்குமுங்க. உட்டுப் பாருங்க."

விட்டுவிடுவதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. பிரவீனா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அவன் தட்டியதும் கையைத் தூக்கிவிடுவாள். ஒரு வாரம் அப்படியே போயிற்று. பாடம் முடிந்த பிறகும் சில நாள் அவள் மணிக்கட்டை விடவில்லை. அவனும் கேட்கவில்லை.

தீபாவளி கழிந்து வண்டி கிளம்பியது. பாறைத் தூசி ஏறாமல் இருக்க லேப்டாப்பை அவளுடைய பழைய நூல் சேலையில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தான். போய்ச் சேர்ந்த அன்று, முருகானந்தத்தின் போனிலிருந்து நெட் எடுத்து, லேப்டாப்பில் வீடியோவாகக் கூப்பிட்டான். திரை முழுவதும் மஞ்சள் மூட்டம். மூட்டத்துக்குள்ளிருந்து, "தெரியுதா? நான் தெரியறனா?" என்று கத்தினான். "சந்தனக் காப்புல மாரியாத்தா தெரியறாப்புல தெரியறீங்க" என்றாள் பிரவீனா. சந்தனத்தைச் சுரண்டி எடுக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. சுரண்டியதும் பெரிதாக அவன் மூக்கு வந்தது, அப்புறம் கண், அப்புறம் முகம். இத்தனை வருஷமும் பட்டன் போனில் குரலாக மட்டுமே வந்துகொண்டிருந்தவனை முதல் தடவையாக அடுப்பங்கரை மேடையில் போனைச் சாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே அவள் தோசை ஊற்றினாள். கல்லில் ஒன்று கருகியது.

"கருகுது பாரு புள்ள!" என்று சத்தீஸ்கரிலிருந்து சத்தம் வந்தது.

அன்றிலிருந்து வேலை முடிந்த பிறகு தினமும் பாடம். அடித்ததைத் திரையில் காட்டுவான். அவள் திருத்துவாள். முதலில் தன் பெயர், பிறகு ஊர்ப் பெயர், பிறகு 'தண்ணீர்', 'பாறை', 'வீடு'. கார்த்திகை பிறந்தபோது ஒரு வரியை ஒரே மூச்சில் அடித்துவிட்டான். லெட்டரைத் தானே எழுதுவதாகச் சொன்னான். முடித்துவிட்டுத்தான் காட்டுவானாம். நீ பார்த்தால் திருத்தி உன்னுடையதாக்கிவிடுவாய், முதலாளி கண்டுபிடித்துவிடுவார் என்றான்.

கடைசியாகப் பேசிய சாயங்காலமும் சிரிப்பாகத்தான் போயிற்று. லெட்டர் முடிந்ததா என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஆச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. தை மாசம் எந்தத் தேதியில சேரலாம்னு பஞ்சாங்கத்தப் பாத்துச் சொல்லு. போட்டு அனுப்பிச்சுடறேன்."

"இன்னைக்கு அஷ்டமிங்க. நல்ல காரியத்துக்கு இன்னைக்குப் பஞ்சாங்கத்தத் தொடக் கூடாது."

"செரி, நாளைக்குப் பாரு."

"நாளைக்கு நவமி. நாளான்னிக்குத் தசமியன்னைக்குக் காலையில, தலைக்கு ஊத்திட்டு, எடுத்துப் பாத்துச் சொல்றேன்."

"நாள் பாக்கறதுக்கும் ஒரு நாள் பாக்கோணுமா புள்ள?"

"இருவத்தஞ்சு வருசம் இருந்துட்டீங்க. ரெண்டு நாள் இருக்க முடியாதா?"

"இருக்கலாம், இருக்கலாம்" என்றான். "நாளைக்குப் போரு போடற எடம் பெரிய பாயிண்டு, அறநூறு அடி. நேரத்துல படுக்கறேன்" என்று கையை ஆட்டினான்.

தசமியன்று ஆம்புலன்ஸ் வந்தது. வண்டி ஆட்கள் நாலு பேர் கூடவே வந்திருந்தார்கள். காவிரிக் கரையில் காரியம் முடிந்தது. சின்னண்ணன் ஆண்களோடு உட்காராமல் பிரவீனா இருந்த அறை வாசலில் வந்து நின்றார்.

"லெட்டரு கிட்டரு எல்லாம் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுதான் அம்மிணி. வந்து உக்காரு கதிருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே உக்காந்திருப்பான். அவன் போய் நெசமாப் படிப்பான்னு எனக்குத் தெரியாதே சாமி."

பிரவீனாவுக்கு அவன் படித்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

பதினாறாம் நாள் கழிந்து முருகானந்தம் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். தனப்பிரியா பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம் பிரவீனா சேலையைப் பிரித்து லேப்டாப்பைத் திறந்தாள். முகப்பில் ஒரே ஒரு கோப்புதான் இருந்தது.

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு டிரில்லர் கதிர்வேல் எழுதிக்கொள்வது. எனக்கு கம்பியூட்டரில் லெட்டர் அடிக்க வந்துவிட்டது. சொல்லிக் கொடுத்தது என் மனைவி. நான் இருபத்தைந்து வருசம் வெளியூரில் இருந்துவிட்டேன். இனி ராத்திரியில் வீட்டில் சாப்பிட்டு வீட்டில் படுக்க ஆசையாக உள்ளது. எனவே தை மாதம்       தேதி வெள்ளனவே ஆபீசுக்கு வந்துவிடுகிறேன். இப்படிக்கு கதிர்வேல்."

எழுத்து எதுவும் இரட்டிக்கவில்லை. மாதத்துக்கும் தேதிக்கும் நடுவே இரண்டு எண்கள் கொள்ளுகிற அளவு இடம் விட்டிருந்தான். தை மாதத்துக்குப் பிரவீனா இன்னும் நாள் பார்க்கவில்லை.