பிஜூவின் கால்களுக்கு இஃப்ஃபத் தைத்த மெத்தை

குதிரைக்கு முட்டிக்குக் கீழே சதை கிடையாது. வயதான காலத்தில்தான் எனக்கு இது தெரிந்தது. தோல், அதற்கடியில் கயிறு போன்ற நரம்பு, அதற்கும் அடியில் எலும்பு, அவ்வளவுதான். பீரோ போன்ற உடம்பை நான்கு மெலிந்த கால்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் காலாப்பட்டுக் குதிரைக் கொட்டகையில் இஃப்ஃபத் என் கையைப் பிடித்து ஒரு காலின் மேல் வைத்தாள். உள்ளே நரம்பு விறைப்பதும் தளர்வதும் தெரிந்தது. நான் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, இஃப்ஃபத்தும் நானும் வீட்டு நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு ஒரே வகுப்பில் பயிற்சி எடுத்தோம்; என்னைவிட ரொம்பச் சின்னவள். காஜியார் வீதியில் அவள் அப்பா கமருஸ்ஸமானுக்குப் பஞ்சு மெத்தைக் கடை. கல்யாணமாகி நெல்லிக்குப்பம் போனவள் ஒரே வருடத்தில் திரும்பி வந்தாள். காலாப்பட்டில் குதிரைகள் வைத்திருந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளப் போனாள். ஜன்னலுக்கு வெளியே கொட்டகை. அந்த அம்மா இறந்த பிறகு இஃப்ஃபத் வீடு திரும்பாமல் அப்படியே கொட்டகைக்குள் போய்விட்டாள். "மனுஷங்களவிடக் குதிரை சுலபமா?" என்று கேட்டேன். "இல்லக்கா. குதிரை வலிக்குதுன்னு சொல்லவே சொல்லாது" என்றாள். அதனால் அவளுக்குக் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது.

போன வருடம் நிலத்தின் குத்தகை முடிந்தது. முதலாளி பிரான்சுக்குக் கிளம்பினார். மற்ற குதிரைகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. பிஜூ என்ற கிழட்டுப் பெண்குதிரை மட்டும் மிச்சம். அதற்கு இடது முன்காலில் நரம்பு அறுந்து ஆறிய பழைய காயம். கோத்தகிரியில் ஒரு பண்ணைக்காரர் மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் லாரி பண்ணை வரை போகாது. கடைசி ஏற்றத்தைக் குதிரை நடந்துதான் ஏற வேண்டும்.

கால்நடை மருத்துவர் கலைவாணி ஒளிக்காமல் சொன்னார். "நின்னுக்கிட்டே போறதுதான் பிரச்சினை. லாரி ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் அது காலால்தான் சமாளிக்கணும். அந்தப் பழைய நரம்பு மறுபடி போச்சுன்னா மேல ஏத்தவும் முடியாது, திரும்பிக் கூட்டிட்டு வரவும் முடியாது. அங்கேயே ஊசி போட்டு முடிச்சிட வேண்டியதுதான்."

இஃப்ஃபத் தலையாட்டினாள். அன்றே அப்பாவின் கடைக்குப் போனாள்.

நான்கு காலுக்கும் நான்கு குட்டி மெத்தை. முட்டிக்குக் கீழிருந்து குளம்பு வரை சுற்றி, மேலே துணிக்கட்டு போடுவதற்கு. மகள் கேட்டாள் என்று கமருஸ்ஸமான் கடையிலேயே உயர்ந்த இலவம் பஞ்சை எடுத்து வைத்தார், கல்யாண மெத்தைக்குப் போடுகிற சரக்கு. அவள் நீல வெல்வெட் துணியில் தைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. பிஜூ மாப்பிள்ளை வீட்டார் போல நின்றது.

லாரி ஓட்ட வந்தவன் குருசுக்குப்பம் விமல்ராஜ். மீன் லாரி ஓட்டிப் பழகியவன்.

"பிஜூன்னா கேரளாக்காரன் பேராச்சே" என்றான்.

"பிரெஞ்சில நகைன்னு அர்த்தம் தம்பி" என்றாள் இஃப்ஃபத்.

"நகைய ஏங்க்கா லாரில ஏத்துறீங்க, லாக்கர்ல வைங்க."

ஒத்திகைக்கு மரக்காணம் வரை போய் வந்தோம். ஐஸ் கரைவதற்குள் சென்னை மார்க்கெட்டைப் பிடிக்கிற வேகத்தில் ஓட்டினான். இறங்கியதும் இஃப்ஃபத், "மீனுக்குக் காலு கிடையாது தம்பி. இதுக்கு நாலு இருக்கு. நீ பிரேக்கை அமுக்குனா நாலுலயும் அமுக்குற" என்றாள்.

பிறகு கட்டுகளைப் பிரித்தாள். இலவம் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிக் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. அந்தக் கட்டிகள் அழுந்திய இடத்தில், இடது முன்காலின் பின்புறம், கயிறு கட்டியது போலத் தடம். நான் பார்த்திருக்கிறேன், படுக்கையில் சுருங்கின விரிப்பின் மேல் கிழவர்களைப் படுக்க வைத்தால் முதுகில் இதே தடம் விழும். இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தால் குதிரையின் காலைக் கெடுத்தது அந்த மெத்தையாகவே இருந்திருக்கும்.

கமருஸ்ஸமானுக்கு நம்ப முடியவில்லை. "இதவிட ஒசந்த பஞ்சு ஊர்லயே இல்லியேம்மா."

"ஒசந்ததுதான் அத்தா. மனுஷன் எழுந்தப்புறம் மெத்தையத் தட்டிப் போடுறோம். ஓடுற லாரில இத யாரு அவுத்துத் தட்டுறது?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மலிவு மெத்தைக்குப் போடும் பருத்திப் பஞ்சு மூட்டையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அது கனம், ஆனால் போட்ட இடத்தில் கிடக்கும். வெல்வெட் போனது, பழைய வேட்டித் துணி வந்தது. விரல் இடைவெளியில் நெருக்கி நெருக்கித் தையல் ஓட்டினாள், பஞ்சு எங்கும் நகராதபடி. குளம்புக்கு மேலே போட டியூப் ரப்பரில் வளையம் வெட்டினாள். கட்டும்போது ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடும். எல்லாச் சுற்றிலும் ஒரே இழுப்பு. முடித்ததும் மேல் ஓரத்தில் ஒரு விரலை விட்டுப் பார்ப்பாள். இரண்டு விரல் போனால் தளர்வு. ஒன்றும் போகாவிட்டால் இறுக்கம். நான் வாழ்நாளெல்லாம் கட்டுப் போட்டவள். நின்று பார்த்தேன்.

விடியலில் கிளம்பினோம். லாரியின் தரையில் ரப்பர் பாய், மேலே வைக்கோல். பிஜூ கால்களை அகட்டி நிற்க இடம் விட்டிருந்தது. தலையை மேலே இழுத்துக் கட்டவில்லை. வெளித் தண்ணீரைக் குடிக்காது என்று காலாப்பட்டுத் தண்ணீரையே கேன்களில் ஏற்றினாள். நான் முன்னால் விமல்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன். இஃப்ஃபத் பின்னால், தடுப்புக்கு இந்தப் பக்கம்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன், பிஜூ நிற்கவே இல்லை. லாரி வளைந்தால் ஒரு காலில் பாரம் ஏறும், நிமிர்ந்தால் அடுத்த காலுக்கு மாறும். மேடு வந்தால் பின்கால் தாங்கும், இறக்கம் வந்தால் முன்கால். ஒரு நொடி ஓய்வில்லை. கோத்தகிரி வரை அந்தக் குதிரை நின்ற இடத்திலேயே நடந்துகொண்டுதான் வந்தது. நாங்கள் சும்மா உட்கார்ந்து வந்தோம்.

நிழல் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தினோம். ஒவ்வொரு கட்டையும் பிரித்து, புறங்கையால் சூடு பார்த்து, காற்றாட விட்டு, மறுபடி சுற்றினாள். ஆத்தூரில் ஒரு டீக்கடைக்காரர், "குதிரைக்குக் கால் ஒடஞ்சிடுச்சா?" என்று கேட்டார். "ஒடையாம இருக்கத்தான்" என்றான் விமல்ராஜ். அவனே இப்போது வேகத்தடையைத் தூரத்தில் பார்த்ததும் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வண்டியை இறக்கினான்.

மேட்டுப்பாளையத்தில் இறக்கி இரவு தங்கினோம். காலையில் மலை ஏற்றம்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒன்று முழுப் பாதையையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. விமல்ராஜ் பிரேக் போட்டுத்தான் ஆக வேண்டும், போட்டான். பின்னால் பலகையில் குளம்புகள் தடதடவென்று மோதின. பிறகு சத்தமே இல்லை.

வண்டியை ஓரம் கட்டி ஓடினோம். பிஜூ நின்றுகொண்டிருந்தது, உடம்பு முழுக்க நடுங்கியபடி. இடது முன்காலின் மெத்தை மேலிருந்து கீழ்வரை கிழிந்து பஞ்சு வெளியே தொங்கியது. தடுமாறியபோது பின்குளம்பு வந்து வெட்டியிருக்கிறது. இரும்பு லாடம். அதே கால்.

இஃப்ஃபத் உட்கார்ந்து கிழிசலுக்குள் கையை விட்டாள். விமல்ராஜ் ஸ்டியரிங் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே, "நான் இன்னாக்கா பண்றது, பஸ்ஸு வந்துட்டான்" என்றான். அவள் கீழிருந்து மேலாகக் கையை மெல்ல நகர்த்தினாள்.

"பஞ்சு வரைக்கும்தான் வெட்டு" என்றாள். "தோலுல கீறல்கூட இல்ல."

நானும் தொட்டுப் பார்த்தேன். லாடம் தையலைத் தாண்டி, பஞ்சில் பாதி ஆழம் இறங்கி அங்கேயே நின்றிருந்தது.

சாலை முடிந்த இடத்தில் எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்தாள். பிஜூ பலகை வழியாக இறங்கி, மண்ணை மோந்து, ஏற ஆரம்பித்தது. சுற்றிலும் தேயிலைச் சரிவும் மேகமும். இஃப்ஃபத் எதையும் பார்க்கவில்லை. பின்னால் குனிந்தபடி, அந்த ஒரு கால் ஊன்றுவதையே பார்த்துக்கொண்டு ஏறினாள். ஒரு தடவையும் அது நொண்டவில்லை.

ஆனாலும் அவள் சந்தோஷப்படவில்லை. "வீக்கம் மறுநாள்தான் வருங்க்கா" என்றாள். பண்ணையிலேயே இரவு தங்கினோம்.

காலையில் விமல்ராஜ் என்னிடம் ஓடி வந்தான். "ஆயா, குதிரை கீழ விழுந்து கெடக்குது. அசையல."

இஃப்ஃபத் செருப்பு இல்லாமல் ஓடினாள். பின்னாலேயே போனேன். வேலிக்குள், பனி நனைந்த புல்லில், பிஜூ பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் கிடந்தது. வயிறு ஏறி இறங்கியது. குறட்டை கேட்டது.

"விழல தம்பி, படுத்திருக்கு" என்றாள் இஃப்ஃபத், மூச்சு வாங்க. "பயம் இருந்தா குதிரை இப்படிப் படுக்காது."

மெதுவாகப் போய் உட்கார்ந்து இடது முன்காலின் மேல் புறங்கையை வைத்தாள். பிறகு வலது காலில். பிறகு மறுபடி இடதில். இரண்டும் ஒரே குளிர்ச்சி, ஒரே பருமன். பிஜூ ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

புதுச்சேரியிலிருந்து அந்த உடம்பைச் சுமந்து வந்த நான்கு கால்கள் புல்லின் மேல் நீட்டிக் கிடந்தன. இப்போது எதையும் தாங்கவில்லை. விமல்ராஜ் வேலிக்கு வெளியே நின்று ரொம்ப நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான்.