வருத்தமா, பிழையா?

மூன்று கிழமைக்கு முன்பு ஒரு நாள் காலை யோகத்தின் மீன் மேசையில் பதினொரு பாரை மீன்கள் கிடந்தன. மாலையில் நான் அந்தப் பக்கம் மறுபடி போனபோதும் பதினொன்று.

எதையும் எண்ணாமல் உங்களால் இருக்க ஏலாதோ என்று வீட்டில் கேட்கிறார்கள். ஏலாது. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சொல்வதுதான் துறைமுகத்தில் எனக்கு இருந்த வேலை. ஓய்வு வந்தது எனக்குத்தான். எண்ணிக்கைக்கு வரவில்லை.

யோகம் இறக்கக்கண்டியில் வீதியோரம் மேசை போட்டு மீன் விற்பவர். மத்தியானத்துக்குப் பிறகு அந்த மேசையில் மீன் கிடந்து நான் கண்டதில்லை.

"என்ன பிள்ளை, இண்டைக்கு ஒண்டும் போகேல்லையோ?"

"உங்களுக்கு விஷயம் தெரியாதோ ஐயா? நான் இப்ப வெடியக்கா. சின்னப் பொடியளும் சைக்கிளில போகேக்குள்ள 'டும்' எண்டு கத்திப்போட்டுப் போகுதுகள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மீன்களின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். தெளித்த மீனுக்கே திரும்பத் திரும்ப...

நடந்தது இதுதான். நம் பகுதி அரசியல் பெரியவர் ஒருவர் — பெயர் வேண்டாம், நீங்களும் ஊகிக்க வேண்டாம் — தொலைக்காட்சிப் பேட்டியில், "இறக்கக்கண்டியில் டைனமைற் வெடி போட்டுப் பிடித்த மீனைப் பெண்கள் பகிரங்கமாக விற்கிறார்கள். நானே நேரில் போய்ப் பார்த்தேன்" என்றிருக்கிறார். அவர் சொல்லச் சொல்லத் திரையில் ஒரு படம். மேசை, தராசு, யோகம்!

யோகத்தின் கணவருடைய தம்பிக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. மீனுக்குப் போட்ட வெடியில் போனது. அன்றிலிருந்து, வெடிமீன் என்று சின்னச் சந்தேகம் வந்தாலும் அந்த வள்ளத்தின் மீனைத் தொடமாட்டார் இந்தப் பெண். இவருக்குத்தான் வெடியக்கா என்று பட்டம்.

கிழமைக்கு மூன்று தரம் மீன் எடுத்த நிலாவெளி ஹோட்டல் நிறுத்திவிட்டது. "மீன் எண்டா நாளைக்கும் பிடிக்கலாம் ஐயா. பேரை எந்த வள்ளத்தில போய்ப் பிடிக்கிறது?" என்றார் யோகம்.

அந்த வீதியில் மீன் மேசை வைத்திருப்பவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரிடமும் கேட்டேன். பெரியவர் வந்ததை ஒருவரும் காணவில்லை. அவர் வந்தால் பின்னால் நாலு வாகனம் வரும். தெரியாமல் போகுமா? படத்தையும் பார்த்தேன். யோகத்தின் தலைக்கு மேல் நீலக் குடை. அந்தக் குடை போன மாரிக் காற்றில் பறந்துபோய், இப்போது இருப்பது தகரக் கூரை.

மறுநாள் யோகமும் நானும் பஸ் பிடித்து டவுனிலுள்ள அந்தத் தொலைக்காட்சியின் அலுவலகத்துக்குப் போனோம். வரவேற்பறைச் சுவரில் நாலு மணிக்கூடுகள். நாலு நாட்டு நேரம் காட்டவாம். இலங்கை நேரம் காட்டிய மணிக்கூடு மட்டும் நின்றுபோயிருந்தது.

முகாமையாளர் மரியாதையான ஆள். கதிரை தந்தார், தேத்தண்ணீர் தந்தார். உண்மை மட்டும் தரவில்லை.

"அம்மா, அது கோப்புப் படம். 'கோப்புப் படம்' எண்டு மூலையில போட்டிருக்கிறமே."

"எந்த மூலையில தம்பி?" என்றேன்.

கணினியில் பெரிதாக்கிக் காட்டினார். இருந்தது. ஒரு எறும்பின் பாதி அளவில்.

"பெரியவர் சொன்னதை நாங்கள் போட்டம். அது உண்மையோ பொய்யோ எண்டு எங்களுக்கு எப்பிடி ஐயா தெரியும்?"

"வந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றார் யோகம். "நாங்கள் வந்த பஸ் அங்கயிருந்துதானே வருது. இங்கயிருந்தும் போகும்."

பெரியவரின் செயலாளருக்குப் போன் எடுத்தேன். "சேர் பொதுவாத்தான் சொன்னவர். அந்த அம்மான்ர படத்தைப் போட்டது ரீவிக்காரர். அவையளைக் கேளுங்கோ" என்று வைத்துவிட்டார்.

பார்த்தீர்களா? ஒருவர் பெயர் சொல்லவில்லை, மற்றவர் கதை சொல்லவில்லை. இரண்டையும் ஒட்டிய இடத்தில் யோகம் நிற்கிறார். நம் நாட்டில் பெரிய பொய்கள் எல்லாம் இப்படித்தான் நடமாடுகின்றன என்று நினைக்கிறேன். சொன்னவர் ஒருவர், பரப்பியவர் ஒருவர். பொய்க்குச் சொந்தக்காரர் மட்டும் பூச்சியம்.

ஆனாலும், 'ஏதாவது போடுகிறோம்' என்று சொல்லி எங்களை அனுப்பியிருந்த முகாமையாளர் பேச்சை மீறவில்லை. அடுத்த நாள் செய்தியின்போது திரையின் அடியில் எழுத்து ஓடியது:

'இறக்கக்கண்டி மீன்: எவருக்கேனும் ஏற்பட்ட சங்கடத்துக்கு வருத்தம் தெரிவிக்கிறோம்.'

எனக்குக் கொஞ்சம் திருப்திதான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குசினியிலிருந்து எட்டிப் பார்த்தவர், "ஐயோ! மீன் சாப்பிட்டு ஆருக்கு வருத்தம்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுத்தில் எப்படியோ, நம் வாயில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம், வயிற்றோட்டமும் வருத்தம். போதாததுக்குச் சங்கடம் வேறு!

விடிவதற்குள் ஊர் முழுக்கக் கதை போய்விட்டது. இறக்கக்கண்டி மீன் சாப்பிட்ட ஆட்களுக்கு வருத்தமாம். ரீவியிலேயே போட்டார்களாம். அதுவரை யோகத்திடம் மட்டுமே வாங்காமல் இருந்தவர்கள், மற்ற நாலு மேசைகளையும் விட்டார்கள். பொய்யைத் திருத்தப் போய் அதற்கு ஐந்து மடங்கு பலம் கொடுத்திருந்தோம்.

"இந்த வருத்தம் எனக்கு வேண்டாம் ஐயா" என்றார் யோகம். "பிழை எண்டு சொல்லச் சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே."

முகாமையாளருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "பிழை எண்டு போட ஏலாது ஐயா. வருத்தம் எண்டா எவ்வளவு வேணுமெண்டாலும் போடலாம்" என்றார்.

போன கிழமை இறக்கக்கண்டியில் புது பஸ் தரிப்பிடம் திறந்தார்கள். திறந்தவர், அதே பெரியவர். கதிரைகள் பன்னிரண்டு வரிசை. நான் முதல் வரிசை. வயதுக்குக் கிடைத்த ஒரே சலுகை. மீனவப் பெண்கள் சங்கத்தின் சார்பில் மாலை போடச் சங்கத் தலைவியைக் கூப்பிட்டார்கள். தலைவி யார் என்று ஏற்பாட்டாளர்கள் யோசிக்கவில்லை போலும்.

யோகம் மாலையோடு மேடைக்கு ஏறினார். பெரியவர் மைக்கை ஒரு கையில் பிடித்தபடி குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

மாலை விழவில்லை.

"ஐயா, நீங்கள் எங்கட மேசையளுக்கு எப்ப வந்தனீங்கள்?"

குனிந்த கழுத்து குனிந்தபடி. "என்னம்மா?"

"வெடிமீன் விக்கிறதைக் கண்ணால கண்டனெண்டு சொன்னனீங்களே. என்ர படத்தோட வந்தது. எப்ப வந்தனீங்கள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் தெரிந்துவிட்டது. "அது... ஆரோ சொன்னதைக் கேட்டுச் சொன்னது அம்மா. எனக்கும் வருத்தம்தான்."

"வருத்தம் எண்டா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ ஐயா. பிழை எண்டா மைக்கில சொல்லுங்கோ."

மைக் வாயிலிருந்து தள்ளி இருந்ததால் பின்வரிசைகளுக்கு எதுவும் கேட்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். யோகம் சிரிக்கவில்லை. மாலை அவர் கையில், ஆடாமல். கமராக்காரர் மாலை விழுவதற்காகக் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

பெரியவர் மைக்கைத் தொடைப் பக்கம் இறக்கினார். "பிழைதான் அம்மா. நான் வரேல்லை. பிழைதான்" என்றார்.

மாலை விழுந்தது. கைதட்டினார்கள். அன்றைய செய்தியில் மாலை வந்தது, கைதட்டல் வந்தது, புது பஸ் தரிப்பிடமும் வந்தது. அந்த ஒரு சொல் வரவில்லை.

மறுநாள் மேசையில் ஏழு பாரை. நான் ஒன்று வாங்கினேன். ஆறு.

"நீங்கள் முன்னுக்குத்தானே இருந்தனீங்கள். கேட்டதுதானே ஐயா?"

"ஓம், வடிவாக் கேட்டது."

"எத்தினை பேருக்குக் கேட்டிருக்கும்?"

அதையும் விசாரித்து வைத்திருந்தேன். "ரெண்டு வரிசைக்கு."

யோகம் மீனைச் சுற்றித் தந்தார். "மிச்ச ஆக்களுக்கு ஆர் சொல்லுறது?"

ஆகவே, முதல் இரண்டு வரிசைக்காரர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை... இது மூன்றாம் வரிசையிலிருந்து பின்னால் இருந்தவர்களுக்கு.