இருபத்து நான்கில் ஓடிய குரல்

‘யாருக்கும் தெரியாது’ என்பது எங்கள் தொழிலில் தினமும் புழங்கும் வார்த்தை. இயக்குநர்கள் சொல்வார்கள், நாங்களும் சொல்வோம். எடிட்டிங், கலர், ஒலிக்கலவை எல்லாம் முடிந்து, ‘படம் ரெடி’ என்று ஊரெல்லாம் சொல்லி இனிப்பும் கொடுத்த பிறகுதான் எங்களிடம் வருவார்கள். அந்தப் படத்தைத் தியேட்டர் இயந்திரம் படிக்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பது என் வேலை. படத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்துச் சுருக்கி, ஒலியைத் தனி மூட்டையாகக் கட்டி, எதற்குப் பிறகு எது என்று பட்டியல் போட்டு, ஹார்ட் டிஸ்கில் ஏற்றி அனுப்புவேன். சமைத்தவனுக்குப் பெயர் உண்டு, பொட்டலம் கட்டியவனை யார் கேட்கப்போகிறார்கள்? திரையில் என் பெயர் வருவதற்குள் ஜனம் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருக்கும்.

நான் ஏரிக்கரைக்காரன். ஆரம்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போகவேண்டிய சின்ன ஊர். எங்கள் வீட்டு ஜனம் வலை போடுவதில்லை. ஏரியில் இறங்கி, சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓர் ஓலைப்பறி. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் அதைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வேலை வரவில்லை. கெளுத்தி முள் ஒருமுறை கையில் ஏறியதும் அழுதுகொண்டே கரையேறியவன்தான். படிப்பின் மேல் ஆசைப்பட்டு ஊரைவிட்டுப் போனேன் என்பதெல்லாம் பிறகு சேர்த்த கதை.

அக்காவின் கணவர் அந்த வேலையில் கெட்டிக்காரர். மாமாவுக்கு உடம்பு கட்டுமஸ்தாக இருக்கும், குரல் மட்டும் கீச்சென்று இருக்கும். மூச்சு விடாமல் பேசுவார். வாயில் பறி இருக்கும் நேரம்தான் ஊருக்கு நிம்மதி என்று அக்கா எல்லோர் எதிரிலும் கிண்டலடிப்பாள். அவரும் சிரிப்பார்.

இயக்குநர் நண்பர் ஒருவர் ஏரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தபோது மாமாவிடம் அழைத்துப் போனவன் நான். மார்பளவு தண்ணீரில் நின்று, பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கேமராவைப் பார்த்து நாலு நிமிஷம் பேசினார். விரலில் இறால் இடித்ததும் அவசரப்படாமல் எப்படி அமுக்க வேண்டும், தண்ணீர் கலங்கினால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நடுவில், “எம் பொண்டாட்டி என்ன வுட நல்லா புடிப்பா சார், அத மட்டும் படத்துல போட்றாத,” என்றார். அதைத்தான் முதலில் போட்டார்கள்.

அந்த ஐப்பசியில் மழை வருவதற்கு முன்பே ஏரியில் இடி விழுந்தது. மாமா தண்ணீரில் இருந்தார். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அக்கா மகளுக்கு அப்போது மூன்று வயது. வீட்டில் மாமாவின் போட்டோ இருந்தது, குரல் எங்கேயும் இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். கல்யாண வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அதில் ஆரம்பம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டைத்தான் ஓடவிட்டிருந்தார்கள், மாமா வாயசைக்கிறார், யாரோ பாடுகிறார். அக்கா அதன்பிறகு அந்த வீடியோவைத் தொடவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதான் கேட்பாள்.

“டேய், அந்தப் படத்துல அவரு பேசறது வருதா?”

“வருதுக்கா.”

“அது போதும். புள்ள ஒரு தடவையாச்சும் நைனா கொரல கேக்கணும்.”

ஒன்றரை வருஷம் கழித்துப் படம் முடிந்தது. பக்கத்து டவுனில் பழைய தியேட்டர் ஒன்றில் சனிக்கிழமை காலைக் காட்சி. இயக்குநர் செவ்வாய்க்கிழமைதான் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எடுத்தது நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். அந்தத் தியேட்டரின் பழைய இயந்திரமோ இருபத்து நான்குதான் ஓட்டும். அதற்கு இரண்டு வழி உண்டு. படத்தையும் ஒலியையும் சேர்த்து ஒரு துளி மெதுவாக ஓடவிடலாம், எல்லோர் பேச்சும் கொஞ்சம் நிதானமாகி, குரலும் கொஞ்சம் இறங்கிவிடும். இல்லையென்றால் இறங்கிய குரலைப் பழைய இடத்துக்கே தூக்கி நிறுத்தி, படம் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுச் சரிபார்க்கலாம். அதற்கு இன்னும் ஒரு நாள் வேண்டும்.

“மெதுவாவே ஓடவிட்டுடலாம். நூத்துல நாலு பங்குதான் சார். யாருக்கும் தெரியாது,” என்றேன் நான். இயக்குநர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அனுப்புவதற்கு முன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுப்படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். அது என் வேலையில் ஒரு பகுதி, ஏமாற்றவில்லை. மாமா நாலு நிமிஷம் பேசினார். இடது பக்க ஒலியில் காற்று இரைகிறது என்று குறித்துக்கொண்டேன். சப்டைட்டில் ஒன்று வாக்கியம் முடிந்த பிறகும் திரையில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன். இரண்டையும் சரிசெய்தேன். என் அக்காவின் கணவர், எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர், செத்துப்போனவர், என் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை இரண்டு வேன் நிறைய ஊரே வந்தது. அக்கா தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு நடுவரிசையில் உட்கார்ந்தாள். மாமா திரையில் வந்ததும் விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட அடங்கிவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஒருவர், “இன்னா கம்பீரமா கீதுப்பா கொரலு!” என்றார். நான் பெருமைப்பட்டேன், அந்த வெட்கக்கேட்டையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அக்கா முதலில் முன்னால் சாய்ந்தாள். பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் சைக்கிள் ஸ்டாண்ட் ஓரமாக என்னைக் கூப்பிட்டாள்.

“டேய், அது அவரு கொரலு இல்ல. யாரையாச்சும் வெச்சுப் பேச வெச்சீங்களா?”

“இன்னாக்கா பேசற? அவரேதான்.”

“இவ்ளோ நிதானமா அவரு என்னிக்குடா பேசினாரு? யாரோ பெரிய மனுசன் பேசறா மாதிரி கீது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் உழைத்தவனிடம் இப்படியா என்று தோன்றியது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம்.

“ரெண்டு வருசம் ஆவப்போவுது. உனக்கே மறந்துபூட்ச்சுக்கா. எனக்குத் தெரியாதா? இதானே என் பொயப்பு,” என்றேன்.

அக்கா தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தாள். புருஷன் குரலை மறந்துவிட்டாய் என்று ஒருத்தியிடம் சொல்ல எனக்கு எப்படி நாக்கு வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு அப்படியெல்லாம் தோன்றவும் இல்லை. சாயங்காலமே, தியேட்டருக்கு அனுப்பிய பதிப்பிலிருந்து அந்த நாலு நிமிஷத்தை வெட்டி அக்காவின் போனுக்கு அனுப்பினேன். நாலு தடவை கேட்டால் தானே தெளியும் என்ற எண்ணம்.

அக்கா கேட்டாளோ இல்லையோ, மகள் கேட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்பாள், சாப்பிடும்போதும் கேட்பாள். ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஊரில் யாராவது, “உங்க நைனா இன்னா சொல்லுவாரு?” என்று கேட்டால் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிதானமாக, அடிக்குரலில் பேசிக்காட்டுவாளாம். போனில் அக்கா இதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குரலைப் பற்றி அவளும் மறுபடி பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து வேறொரு படத்தால் வினை வந்தது. அதையும் இதே மாதிரிதான் இருபத்து நான்குக்கு இறக்கியிருந்தேன். அதில் பாடியவர் நேராக ஆபீசுக்கே வந்து, “என் சுருதி எங்கேய்யா போச்சு?” என்று சத்தம் போட்டார். அசல் ஒலியையும் தியேட்டர் ஒலியையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் சொன்னது சரி. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மாமாவின் அசல் ஒலியைத் தேடி எடுத்து ஓடவிட்டேன்.

கீச்சுக்குரல். மூச்சு விடாத பேச்சு. மாமாவேதான். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை ரயிலில் ஊருக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நீ சொன்னதுதான்க்கா சரி. தப்பு என்னுது,” என்று சொல்லிவிட்டு என் போனில் அதை ஓடவிட்டேன்.

முதல் வார்த்தையிலேயே அவள் கை நின்றுவிட்டது. ‘எம் பொண்டாட்டி’ என்று மாமா ஆரம்பித்ததும் சிரித்தாள். கையெல்லாம் இறால் தண்ணீர் என்பதால் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“இதான்டா. இதான் அவரு. இன்னொரு தபா போடு.”

மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை ஓடும்போது சத்தம் கேட்டு மகள் வெளியே வந்து நின்றாள்.

“யாரும்மா இது?”

“நைனாடி.”

“இது நைனா இல்ல.”

“இதான் நைனா கண்ணு. அதுல கொஞ்சம் தப்பா...”

“நைனா இப்டி பேசாது!” உள்ளே ஓடி அக்காவின் போனை எடுத்துவந்து பழையதைச் சத்தமாக வைத்தாள். இரண்டு மாமாக்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் வேகமாக, ஒருவர் மெதுவாக. என் போனைப் பார்த்து, “அத நிறுத்து, நைனாவ மாத்தாத,” என்று அழ ஆரம்பித்தாள். நிறுத்தினேன். அப்படியும் அழுகை ஓயவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா குடத்துத் தண்ணீரில் கை கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“அழிச்சிடுடா.”

“அக்கா, இதுதானே நெஜம்? நீ எவ்ளோ நாளா...”

“அதுக்கு இருக்கறது அந்த ஒண்ணுதான். அதையும் இல்லன்னு சொன்னா புள்ள எங்க போவும்?”

“உனக்கு வேணாமா?”

“நீ சொன்னா மாதிரி நான் ஒண்ணும் மறக்கல,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. “ஊட்ல ரெண்டு கொரலு வேணாம். அழி.”

அவள் பார்க்க அழித்தேன். ஆபீசில் அசல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் குரலைக் கேட்கும் ஆசை இருந்தும், கொடு என்று இன்றுவரை அவள் கேட்டதில்லை. உள்ளே அக்கா மகள், என் கையால் மெதுவாக்கிய அந்த மனிதரோடு சேர்ந்து, ஒரு வார்த்தை பிசகாமல் பேசிக்கொண்டிருந்தாள். எங்கே மூச்சு விட வேண்டும் என்பதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது.