ஸ்டீரியோ விளக்கு

எங்கள் வீட்டு ரேடியோவில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. பாட்டு ஸ்டீரியோவில் வந்தால்தான் அது எரியும். எரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு பிடிவாதக்காரி நான்.

அப்பாவுக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன எஃப்எம் நிலையத்தில் வேலை. பெங்களூரிலிருந்து முழங்கும் கன்னட ஸ்டேஷன்களுக்கு நடுவே எங்கள் நிலையமும் காதில் விழ வேண்டுமே. அதற்கென்று இருந்த மெஷினை எந்நேரமும் திருகிக்கொண்டே இருப்பார். "பெரிய சத்தத்த அமுக்கணும், சின்ன சத்தத்தத் தூக்கணும். அவ்ளோதான் என் வேல" என்பார் பெருமையாக.

அந்த வருடம், ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகட்டுமா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "ரேடியோ ஸ்டேஷன்ல செய்யறத வூட்டுலயும் கொஞ்சம் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா பாரூரில் இருந்த பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். பள்ளிக்கூடம் இருந்ததால் நான் அப்பாவின் உப்புமாவோடு மாட்டிக்கொண்டேன். அம்மா திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

சாயங்காலமானால் அம்மா என்னோடு போனில் பேசுவாள். "உங்கப்பா ரேடியோ இங்க ஒரே இரைச்சலு பாப்பா, பாதிப் பாட்டுதான் கேக்குது" என்றாள் ஒருநாள். அவ்வளவு கோபத்திலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் விளக்கு எரியவில்லை. ரேடியோவைத் தட்டினேன், குலுக்கினேன், உட்கார்ந்து அழுதேன். "பாட்டு வருதில்ல, வுடு கண்ணு" என்றார் அப்பா. ஸ்டீரியோ தூரத்து ஊருக்கு இரைச்சலோடுதான் போய்ச் சேரும், ஒற்றை ஒலியாக மோனோவில் அனுப்பினால் தெளிவாகக் கேட்கும் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்? அன்று போனில் அம்மா, "இன்னிக்கி சுத்தமா கேக்குது" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்து வாசலில் நின்றாள். அப்பா பையை வாங்கிக்கொண்டு, "கம்பெனி பஸ்ஸு எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் விளக்கு எரிந்தது. ரேடியோவை அம்மாதான் சரிசெய்தாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ரிப்பேராகிக் கிடந்தது ரேடியோ இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது.