ராஜா தாவக் கூடாத ஊர்

நிகோபாரின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பேவுக்குக் கப்பலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, நான் அங்கிருந்து கிளம்பி வந்த கதையைத்தான் சொல்வேன். எழுபதுகளின் நடுவில், பதின்மூன்று வயதில், சதுரங்கம் ஆட அப்பாவுடன் போர்ட் பிளேர் போனேன். தெற்குத் தீவுப் பள்ளிகள் சார்பில் நான், போர்ட் பிளேர் சார்பில் ஒருத்தி. ஒரே ஆட்டம், ஜெயித்தவருக்கு மெட்ராஸ் பயணம். சதுரங்கம் எனக்கு ஒரு சாக்கு. பிரசவத்துக்கு மெயின்லேண்ட் போன அம்மா, தம்பிக்கு உடம்பு தேறாமல் ஒன்றரை வருஷமாக மெட்ராஸ் பெரம்பூரிலேயே இருந்தாள். தம்பியை நான் பார்த்ததே இல்லை.

கடல்வழி சுமார் 540 கிலோமீட்டர். கார் நிகோபாரில் சரக்கு இறக்கியதையும் சேர்த்து மூன்று நாள். நான் வாந்தி எடுத்து ஓய்ந்த போதெல்லாம் அப்பா பலகையை விரித்தார். பட்டாளத்தில் ஆடிப் பழகியவர். முன்னாள் ராணுவத்தினர் குடியேறிய எங்கள் செட்டில்மெண்டில் அவரை ஜெயிக்க ஆளில்லை.

ஆட்டத்தில் எனக்கு எதிரில் உட்கார்ந்தவள் போர்ட் பிளேர் அபர்தீன் பஜார் கடைக்காரர் மகள் ஜமீலா. முதல் நகர்த்தலிலேயே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். எங்கள் ஆட்டத்தில் ஒரு கட்டம்தான். பட்டணத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். கேட்கக் கூச்சம். கொஞ்ச நேரத்தில் மந்திரியை நீட்டி செக் வைத்தாள். ஒரு சிப்பாயைக் குறுக்கே வைத்தால் போதும். ஆனால் எங்கள் ஆட்டத்தில் ராஜா ஒருமுறை குதிரை மாதிரித் தாவலாமே! அதற்காகவே இடம் காலி செய்து வைத்திருந்தேன். ஜம்மென்று தாவ வைத்தேன்.

"அரே, ராஜா எங்கயாச்சும் குதிக்குமா?" என்றாள் ஜமீலா.

நடுவர் வந்தார். "அது நாட்டு ஆட்டம்மா. இங்க இன்டர்நேஷனல் ரூல். தொட்டுட்டே, இனி ராஜாவத்தான் நகத்தணும்."

"சார், பட்டாளம் பூரா இப்படித்தான் ஆடுறோம்!" என்று அப்பா எழுந்தார். நடுவர் மசியவில்லை. வெட்டவெளிக்கு வந்த ராஜாவை விரட்டி விரட்டியே ஜமீலா என் ராணியைப் பிடுங்கினாள். மெட்ராஸ் போயிற்று.

வெளியே வந்து, "உனக்கு மெட்ராஸ்லேர்ந்து என்ன வேணும்?" என்று ஜமீலா கேட்டாள். அம்மாவும் தம்பியும் இருக்கும் பெரம்பூர் விலாசத்தைச் சொன்னேன். போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள்.

இப்போது போகிறவர்களுக்கு: கப்பல் நாள் மாறிக்கொண்டே இருக்கும், கையில் இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். வாந்திக்கு எலுமிச்சம்பழம் மறக்காதீர்கள். ஆடப் போகிறீர்கள் என்றால், கூச்சப்படாமல் விதியை முதலில் கேளுங்கள்.

ஜமீலா சொன்ன சொல் தவறவில்லை. மெட்ராஸிலிருந்து எழுதினாள்: "உன் தம்பி என் மடியிலேயே தூங்கிட்டான்." அப்பா சிரித்தார். தோற்றபோது அழாத நான் அன்றைக்கு அழுதேன்.