பேய்மிரட்டிக்கு வந்த புகார்

மலர்கொடிக்கு மைன்ஸ்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் களை வெட்டும் வேலை. கான்ட்ராக்ட்தான். குந்தி உட்கார்ந்து ஒரு பிளாக்கை முடிப்பதற்குள் முட்டி இரண்டும் வீங்கிவிடும். அதற்கு அவள் கண்ட மருந்து பேய்மிரட்டி இலை. இலை கொதித்த தண்ணீரை முட்டியில் ஊற்றி, கஷாயமும் ஒரு டம்ளர் குடித்தால்தான் மறுநாள் குந்த முடியும். அந்தக் கசப்பு இருக்கிறதே, சோற்றைக் கண்டாலே வெறுப்பு வரும். பேய்மிரட்டி துளசிக்கு உறவுதான். ஆனால் துளசிக்கு மாடம் கட்டுகிறவர்கள் இதைக் கண்டால் அரிவாளைத் தேடுவார்கள்.

சுப்புலட்சுமி அம்மாள் இருக்கும் குவார்ட்டர்ஸின் பின்புறம், குழாயடியில், ஒரே ஒரு பேய்மிரட்டிப் புதர் நின்றது. சுற்றிலும் வழித்தெடுத்துவிட்டு அதை மட்டும் விட்டுவைப்பாள் மலர்கொடி. மூன்று முறை தப்பியது. நான்காம் முறை அந்த அம்மாள் போட்டோ எடுத்து சூப்பர்வைசர் சின்னதுரைக்கு அனுப்பிவிட்டார். கொசு வருகிறதாம். டவுன்ஷிப் கொசு மொத்தமும் அந்த ஒரு செடியில்தான் குடித்தனம் நடத்துகிறது பாருங்கள்!

“யக்கா, நாளைக்கும் அது நின்னுகினு இருந்துச்சின்னா நீ வேலைக்கு வராத,” என்றான் சின்னதுரை.

செடியை விட்டால் வேலை போகும். வெட்டினால் முட்டி மடங்காது, அப்போதும் வேலை போகும். இது என்ன நியாயமோ. எரிச்சலோடு எரிச்சலாக வேரோடு பிடுங்கினாள். வடலூரில் குடியிருக்கும் வாடகை வீட்டு வாசலில் நட்டும் பார்த்தாள். வெயிலில் கருகிப்போனது.

ஒரு வாரம் கழித்து, நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தவளைச் சுப்புலட்சுமி அம்மாள் பின்வாசலில் நின்று கூப்பிட்டார்.

“ஏம்மா மலர்கொடி, சார் மைன்ஸ்ல ஷிஃப்ட் முடிச்சு வந்தா முட்டியைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்துடறார். பேய்மிரட்டி இலை போட்டாக் கேட்குமாமே? அந்தச் செடி உனக்குத் தெரியுமா?”

மலர்கொடிக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

“கொழாயடியில வெட்டச் சொன்னீங்களே, அதாங்க.”

அம்மாளின் முகம் சுண்டிவிட்டது. “அட ஆண்டவனே! எனக்குக் கடையில விக்கிற பொடிதாம்மா தெரியும்.” அதற்குள் சமாளித்துக்கொண்டார். “உங்க ஊர்ப் பக்கம் இருக்குமே, ரெண்டு கொத்து கொண்டு வாயேன்.”

மலர்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினாள்.

“எங்க நெலத்து வரப்பு நெடுக அதாங்க கெடந்துச்சு. அந்த நெலத்தத்தான் மைன்ஸுக்குத் தோண்டிட்டாங்க. சார் ஷிஃப்ட் பார்க்கறது அங்கதாங்க.”