எடு, விடு

என்டரைத் தட்டியதும் ஆவுடைத்தாய் கையைக் கட்டிக்கொள்வாள். திரையில் எண்கள் வந்து விழும்வரை விரல் கீபோர்டுப் பக்கம் போகாது. "தொட்டுக்கிட்டே இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்கும்லா" என்பாள்.

பசுவந்தனை சாலையில் உள்ள ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் புள்ளிவிவர வேலை. ஆடு மேய்த்த குடும்பத்தில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் ஆள். அந்தப் பெருமையை அவள் ஒளித்து வைத்ததில்லை. கோவில்பட்டியில் பஸ் ஏறினால், பண்ணை வருவதற்குள் பக்கத்து சீட்டு அம்மாளுக்குக் கம்ப்யூட்டரில் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

ஒவ்வோர் ஆட்டுக்கும் இரண்டு எடை. காலையில் வெறும் வயிற்றோடு ஒன்று, மாலையில் மேய்ந்து வந்தபின் ஒன்று. இரண்டும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும். காலை எடை மட்டும் வேண்டுமென்றால், 'ட்ரூ, ஃபால்ஸ்' என்று இரண்டே சொல் அடிப்பாள்.

"எடு, விடுன்னு ஒருவாட்டி சொன்னாப் போதும். கடைசி ஆடு வரைக்கும் அதையே பிடிச்சுட்டுப் போயிரும்."

2004 ஆவணியில் அந்த இரண்டு சொல்லுக்கே ஆபத்து வந்தது. பட்டியலின் நடுவிலிருந்து கடைசி வரை, வெறும் வயிற்று ஆடெல்லாம் கனத்திருந்தன, மேய்ந்து வந்தவை இளைத்திருந்தன. அதிகாரி பூவனலிங்கம் சிரித்தேவிட்டார். "இந்தக் கம்ப்யூட்டர் கணக்கை மூட்டை கட்டும்மா. இனிமே கால்குலேட்டர்தான்." அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மொத்த எடைகள் எத்தனை என்று பார்த்தாள். ஒற்றைப்படை. இரண்டிரண்டாக வருவது ஒற்றையில் எப்படி முடியும்? நேரே பட்டிக்கு நடந்தாள். அங்கே எடை போடுகிறவர் அவள் அப்பா மாயகிருஷ்ணன்.

"யப்பா, எந்த ஆட்டையாவது விட்டியளா?"

"சாயந்தரம் ஒண்ணுக்கு மடி இறங்கிருந்துச்சு. குட்டி போடப்போறதைத் தராசுல தொங்கவிடச் சொல்லுதியா? ஏட்டி, நம்ம வீட்டுல யாராச்சும் அப்படிச் செய்வாவளா?"

செய்யமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

"தொங்கவிட வேண்டாம்ப்பா. ஆனா அது எடத்தை விட்டுரக் கூடாது. விட்டா, பின்னால வாரது அங்கன வந்து நின்னுக்கிடும். ஆடு இருக்கு, எடை இல்லைன்னு சொல்லணும். அதுக்கு என்.ஏ.ன்னு பேரு."

திரும்பி வந்து அந்த ஆட்டின் மாலை எடைக்குரிய இடத்தில் என்.ஏ. அடித்தாள். பின்னால் நின்ற எண்கள் எல்லாம் ஓர் இடம் தள்ளித் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பூவனலிங்கம் பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.

இப்போதெல்லாம் எடை நாளில் நிறைசினை ஆட்டின் முறை வந்தால், மாயகிருஷ்ணன் அதன் முதுகைத் தடவி அனுப்பிவிடுவார். பிறகு வெறுங்கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஆபீஸ் ஜன்னலைப் பார்த்துப் பட்டியே அதிரக் கூவுவார்: "என்.ஏ.!"

உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆவுடைத்தாய் கட்டிய கையைப் பிரித்து, ஜன்னலுக்கு வெளியே உயர்த்திக் காட்டுவாள்.